பயம் நம்ம லயத்திலேயே இருக்கு: மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் எடுத்த திகில் குறும்படங்கள்

திகில் படம் வேண்டும் என்று கேட்டவர்கள் பிள்ளைகள்தான். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஓகஸ்ட் விடுமுறைக்குக் குறும்படப் பயிற்சி ஒன்று நடத்தித் தர முடியுமா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். ஆவணப்படத்தில் தொடங்கலாம் என்று நான் சொன்னேன். கொழுந்து மலை, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம், பழைய ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை, கோயில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தரம் 11 மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "எங்கள வச்சு எல்லாரும் டொக்கியூமெண்டரிதான் சேர் எடுக்கிறாங்க. நாங்க பேய்ப் படம் எடுக்கிறோம்."

அவள் சொன்னது நியாயம். மலையகப் பிள்ளைகள் கமராவுக்கு முன்னால் நின்று பழகியவர்கள். கூடையோடு சிரிக்கச் சொல்லி எடுப்பார்கள், ஒழுகும் கூரையைக் காட்டச் சொல்லி எடுப்பார்கள். கதை சொல்ல யாரும் கேட்பதில்லை. திகில் படத்துக்குக் கதை இல்லாமல் முடியாது. செலவும் குறைவு. ஒரு அறை, ஒரு ஆள், ஒரு டோர்ச் இருந்தால் போதும். 1896-ல் பிரான்சில் ஜோர்ஜ் மெலியே எடுத்த, திகில் படங்களுக்கெல்லாம் முன்னோடி என்று பலர் சொல்லும் படமே மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

பதின்வயதினரோடு வேலை செய்கிற ஆசிரியர்களுக்கும் இளைஞர் மன்றக்காரர்களுக்கும் உதவும் என்று அந்தப் பயிற்சியை இங்கே எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

இடமும் கருவியும்

வந்தவர்கள் 14 முதல் 17 வயது வரையான பிள்ளைகள், இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். யாரிடமும் சொந்தப் போன் இல்லை. அப்பாவின் போன், அண்ணனின் போன், வெளிநாட்டிலிருந்து அம்மா அனுப்பிய போன் என்று கொண்டுவந்தார்கள். பலவற்றில் படம் பிடிக்க இடமே இல்லை. பழைய கல்யாண வீடியோவையும் திருவிழாப் போட்டோக்களையும் என் கணினிக்கு மாற்றி வைத்துவிட்டு, கடைசி நாள் திருப்பிக் கொடுப்பதாக வீட்டாருக்குச் சொன்னோம். பயிற்சி நடத்துகிறவர்கள் முதல் காலையை இதற்கே ஒதுக்க வேண்டும்.

ஓகஸ்டில் மேற்குச் சரிவு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பெண் பிள்ளைகள் ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று பெற்றோர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சிறுத்தை நடமாட்டம் உள்ள மலை, ஆகவே இருட்டில் வெளியே படப்பிடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பேய்ப் படம் எடுக்க இரவு கிடையாது, வசனத்தைப் பதிய அமைதி கிடையாது. இரண்டும் நல்லதாகவே முடிந்தன. இருட்டு இல்லாததால் வெளிச்சத்தைப் பற்றி யோசித்தார்கள். வசனம் பதிய முடியாததால் கதையைச் சத்தத்தாலும் கையாலும் காலாலும் சொல்லப் பழகினார்கள்.

முதலில் வந்த கதைகள்

முதல் சுற்றில் எழுதி வந்த கதைகளை வட்டமாக உட்கார்ந்து வாசித்தோம். பெரும்பாலானவை துரை பங்களாவில் நடந்தன. வெள்ளைக்காரத் துரையின் ஆவி, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், கண்ணாடியில் தெரியும் முகம். "பங்களாவுக்குள்ள யார் போயிருக்கீங்க?" என்று கேட்டேன். தோட்டத்து வேலைக்குப் போன மாமாவோடு குசினி வரை போன ஒரு பையனைத் தவிர யாரும் போனதில்லை. உள்ளே போகாத வீட்டைப் பற்றி எழுதினால் சினிமாவில் பார்த்த வீடுதான் வரும்.

இரண்டு வகைக் கதைகளை நான் நேரடியாகவே மறித்தேன். ஒன்று, தற்கொலை செய்துகொண்ட பெண் பேயாகத் திரும்பி வரும் கதை. தோட்டத்தில் அப்படி ஒரு சாவு எந்த லயத்தில் நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். திரையில் வரும் பேய்க்கு ஊர் உடனே ஒரு முகத்தைப் பொருத்திவிடும், அந்தக் குடும்பமும் அதே மண்டபத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும். மற்றது, சாமியாடும் பெண்ணைப் பயங்கரமாகக் காட்டும் கதை. இதை நான் விளக்கத் தேவைப்படவில்லை. "எங்கம்மாவுக்கும் அருள் வரும்" என்றாள் ஒரு பிள்ளை. எழுதிய பையனே தாளை மடித்து வைத்துவிட்டான்.

பிள்ளைகளின் கற்பனைக்குக் கடிவாளம் போடக்கூடாது என்று சிலர் வாதிடுவார்கள். பெரிய நகரத்தில் அது சரியாக இருக்கலாம். நாற்பது, ஐம்பது குடும்பங்கள் ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், படத்தில் யாரைப் பேயாக்குகிறோம் என்பது ஊர் விஷயம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் பயிற்சியின் பகுதிதான்.

எந்தச் சத்தம் கேட்டால் பயம்?

அடுத்து ஒரு சின்ன வேலை கொடுத்தேன். இன்று ராத்திரி படுத்த பிறகு கேட்கிற சத்தங்களை எழுதி வாருங்கள், எது கேட்டால் பயம், எது கேட்காவிட்டால் பயம் என்று பக்கத்தில் குறியுங்கள் என்றேன்.

மறுநாள் வந்தவை வேறு மாதிரி இருந்தன. அடுத்த காம்பராத் தாத்தாவின் இருமல் நின்றுபோவது. குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று அடங்குவது. நடு இரவில் அம்மாவிடமிருந்து வரும் போன், ஏனென்றால் குவைத்திலிருந்து அம்மா அந்த நேரத்தில் எடுப்பதே இல்லை. கூரை ஆணி இழுக்கும் சத்தம். மழை விடாமல் பெய்யும்போது தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

பங்களாப் பேய் அன்றோடு போனது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைக்குப் பயம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தரையிலிருந்து வருகிறது, போனிலிருந்து வருகிறது. அதை அவர்களே கண்டுபிடிக்கும் வரை கமராவைத் தொடவிடக்கூடாது என்பதுதான் இந்தப் பயிற்சியிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. பயிற்சி நடத்துகிறவர்கள் பலர் முதல் நாளே போனைக் கையில் கொடுத்து ஷொட் வகைகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் உற்சாகமாகத்தான் எடுப்பார்கள். எடுப்பது மட்டும் ஏற்கெனவே பார்த்த படமாக இருக்கும்.

குளவிக் கூடு

திடுக்கிட வைப்பதற்கும் பதைபதைக்க வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை திகில் பட இயக்குநர் ஹிட்ச்கொக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட நேர்காணலில் விளக்குகிறார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து செக்கன் அதிர்ச்சி. முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மேசையில் இருப்பவர்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கும் பதினைந்து நிமிடமும் பதைபதைப்பு.

குண்டு நம் பிள்ளைகளுக்குத் தூரம். குளவி தூரமில்லை. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் இல்லாத தோட்டம் இல்லை, உயிர் போனதும் உண்டு. ஆகவே மண்டபத்துக்குள்ளேயே ஒரு பயிற்சி. பழைய சாக்கைச் சுருட்டி மரக் கிளையில் கட்டி, அதைக் கூடாகக் காட்ட ஒரு ஷொட். அப்புறம் இரண்டு பிள்ளைகள் கீழே நின்று ஊர்க் கதை பேச வேண்டும். யாரும் மேலே பார்க்கக்கூடாது. கூட்டை மறுபடி காட்டவும் கூடாது.

பேச்சு நீள நீள, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். நடித்தவள் பேச்சுக்கு நடுவில் கொப்பைப் பிடித்து ஒரு தடவை வளைத்தாள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. பின்னாலிருந்து ஒரு சத்தம்: "ஐயோ விடு புள்ள அத!" குளவியும் இல்லை, கூடும் இல்லை. பார்ப்பவருக்கு எதைச் சொல்லுவது, எதை எப்போது மறைப்பது என்பதை அந்தச் சில நிமிடங்களில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

வெடிப்பு

மூன்று குழுக்களாகப் பிரிந்து மூன்று படங்கள். முதலாவது, தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுவதாக எழுதிய பையனுடையது.

அடுப்படிக்குப் பக்கத்துச் சீமெந்துத் தரையில் ஒரு வெடிப்பு. பையன் ஈர்க்குத் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து அளக்கிறான். மறுநாள் ஈர்க்கு உள்ளே விழுந்துவிடுகிறது. நீளமாக வெட்டி வைக்கிறான், அதுவும் விழுகிறது. அம்மா வெடிப்பின் மேல் பாயை விரிக்கிறாள். அப்பா, மழை விட்டதும் பூசிவிடலாம் என்கிறார். பத்து ரூபாய்க் காசு தானாக உருண்டு அடுப்படிப் பக்கம் போகிறது. கடைசி ராத்திரி பாய்க்கு அடியிலிருந்து தண்ணீர்ச் சத்தம். எல்லாரையும் எழுப்பிக் கதவைத் திறக்கப் போகிறான். கதவு திறக்கவில்லை. நிலை சாய்ந்து கதவை இறுக்கிவிட்டது. அவ்வளவுதான் படம்.

கதையைச் சொன்னதும் மண்டபத்தில் பேச்சு நின்றுபோனது. 2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது இந்தப் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். ஆனாலும் மழைக்காலத்தில் அந்தப் பெயர் வராத வீடு இல்லை. இதைத் திகில் படமாக எடுக்கலாமா என்று ஒரு பகல் முழுக்கப் பேசினோம். எடுக்க வேண்டாம் என்ற பிள்ளைகளும் இருந்தார்கள். கடைசியில் அவர்களே வைத்த நிபந்தனைகள்: மண் சரிவதைக் காட்டக்கூடாது, சாவைக் காட்டக்கூடாது, எந்த ஊர்ப் பெயரும் வரக்கூடாது, படத்தில் வரும் அறிகுறி ஒவ்வொன்றும் உண்மையானதாக இருக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முன்னறிகுறியாகச் சொல்பவற்றைத் தேடி எடுத்தோம். தரையிலும் சுவரிலும் வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாகக் கிளம்பும் ஊற்று, தண்ணீர் திடீரென்று கலங்கலாவது. கதவு, யன்னல் இறுகிப்போவதும் நிலம் நகர்வதன் அடையாளந்தான். பையன் கதைக்காக நினைத்தது எல்லாம் அதில் இருந்தது. பெரியவர்கள் பேசியதைக் காதில் வாங்கி வளர்ந்தவன் அவன்.

எடுத்த விதம் எளிது. கரித்தூளைக் களிமண்ணில் குழைத்துத் தரையில் வெடிப்பு வரைந்தார்கள், ஒவ்வொரு காட்சிக்கும் கொஞ்சம் அகலமாக. முடிந்ததும் கழுவினால் போயிற்று. காசு உருள்வதற்குத் தரையைச் சாய்க்க முடியாது. பலகை ஒன்றுக்குச் சாம்பலும் மண்ணும் பூசித் தரைபோல ஆக்கி, போனை அதே பலகையில் இறுக்கிக் கட்டி, பலகையை மெதுவாகத் தூக்கினோம். போனும் சேர்ந்து சாய்வதால் படத்தில் தரை சமமாகவே தெரியும், காசு மட்டும் தன்பாட்டில் நகரும். முதல் தடவை அதைத் திரையில் பார்த்த பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

லயக் காம்பராவுக்குள் அகலமான ஷொட் எடுக்க இடம் கிடையாது. வாசற்படிக்கு வெளியே போனை வைத்தால் கதவு நிலையே சட்டமாகிவிடும். உள்ளே இருப்பவர் எப்போதும் அடைபட்டவராகத் தெரிவார். அடுத்தது வெளிச்சம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் வழமையாக எடுக்கும் செக்கனுக்கு 30 பிரேம், 1/60 ஷட்டர் என்பதை அப்படியே விட்டால் டியூப் லைட்டின் கீழ் படம் பட்டை பட்டையாகத் துடிக்கும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் அடங்கிவிடும். வெளிச்ச அளவைப் பூட்டிவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் இருட்டு மூலையைக் காட்டும்போது, பாவம் தெரியவில்லையே என்று போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி, கட்டி வைத்த பயத்தை எல்லாம் கெடுத்துவிடும்.

பெரட்டுத் தப்பு

டொக்கியூமெண்டரி வேண்டாம் என்றவளின் படம் இது. முன்னெல்லாம் விடியற்காலையில் தப்பு என்கிற பறையை அடித்துத்தான் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, எழுப்புவார்கள். அவளுடைய அப்பாயி அதைச் சொல்லியிருக்கிறார். படத்தில், இப்போது யாரும் அடிக்காத அந்தத் தப்புச் சத்தம் விடிவதற்கு முன் கேட்கிறது. வேலையை விட்டு வருடக்கணக்கான அப்பாயி எழுந்து, கண் மூடியபடியே, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டிக்கொள்கிறார், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுகிறார்.

"அப்பாயி, எங்க போறீங்க?"

"பெரட்டுக்கு நேரமாச்சு புள்ள."

பேத்தி கதவைப் பூட்டுகிறாள். மறுநாள் சத்தம் இன்னும் கிட்டத்தில். மறுபடி பூட்டுகிறாள். மூன்றாம் நாள் அப்பாயி அசையாமல் படுத்திருக்கிறார். தப்பு வாசலிலேயே கேட்கிறது. பேத்தி சாவியைத் தேடி இடுப்பைத் தடவும்போது கையில் படுவது படங்கு. கட்டியிருக்கிறது.

குழுவிலிருந்த பையன்களுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கை உள்ளே வந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். அவள் அசையவில்லை. "வெளிய யாரும் இல்ல. யாராச்சும் இருந்தா நான் ஓடிருவேன்ல. ஓ.எல். சோதனை எழுதிட்டு நானும் கொழுந்து மலைக்கே போயிருவேனோன்னுதான் எனக்குப் பயம்." கதையைப் பற்றி அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. நானும்தான். தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் ஏராளம் உண்டு. அந்தப் படங்குக் காட்சி எந்த அறிக்கையையும் விடத் தெளிவாகப் பேசுகிறது என்று நம்புகிறேன்.

தப்புச் சத்தத்துக்குத் தோட்டத்திலேயே தப்படிக்கிற ஒரு ஐயாவைத் தேடிப் போனோம். "எந்த அடி? சாவுக்கா, சாமிக்கா?" என்று கேட்டார். பெரட்டுக்கு என்றதும் யோசித்தார். அவருடைய அப்பா அடித்தது, அவர் சிறுவயதில் கேட்டது. ஈரக் காற்றில் தோல் தொய்ந்திருந்தது. சருகும் கடதாசியும் கொளுத்தி, தப்பைத் தீக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டினார். விரலால் தட்டிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் காட்டினார். கணீரென்று வந்த பிறகுதான் குச்சியை எடுத்தார். பிள்ளைகள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்பாயி வேடத்துக்கு வந்திருந்த பாட்டி, அடி தொடங்கியதும், "அதே அடிதான்" என்றார்.

இரண்டு போன்களில் பதிந்தோம். ஒன்று தப்புக்குப் பக்கத்தில், மற்றது லயத்தின் தொங்கலைத் தாண்டி, மறைவில். தூரத்துப் பதிவில் கணீர் போய் அடித்தொண்டை மட்டும் இருக்கும். படத்தில் முதல் நாளுக்குத் தூரப் பதிவு, இரண்டாம் நாளுக்கு இரண்டையும் கலந்து, மூன்றாம் நாளுக்குக் கிட்டப் பதிவு. படத்தில் ஒன்றும் மாறாமலே தப்பு நடந்து வந்துவிடுகிறது. மழையையும் இப்படியே பயன்படுத்தினார்கள். தகரத்து மழை ஒரே இரைச்சலாகப் போய்க்கொண்டிருக்கும், ஒரு வெட்டில் அடியோடு நின்றுவிடும். அந்த அமைதிக்குள் முதல் அடி.

விடியற்காலைக் காட்சிகளை எடுத்தது மாலையில். ஓகஸ்டில் இங்கே சூரியன் ஆறேகாலைத் தாண்டித்தான் மறைகிறது, அதற்குப் பிறகு நீல வெளிச்சம் இருபது நிமிடம் சொச்சம் நிற்கும். பகலெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு அந்த இருபது நிமிடத்தில் எடுத்தோம். ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டில். பக்கத்து லயங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தோம். அகாலத்தில் தப்புக் கேட்டால் சனம் சாவு என்றுதான் ஓடி வரும்.

மூன்றாவது படம் குவைத் அம்மாவின் வீடியோ அழைப்பு. மகனோடு பேசிக்கொண்டிருக்கும் அம்மா, "உனக்குப் பின்னால நிக்கிறது யாரு?" என்று கேட்கிறாள். மண்டபத்தில் அதிகம் அலறல் வாங்கியது அதுதான். மூன்றில் சுமாரானது என்று நான் நினைப்பதும் அதுதான். அம்மா தூரத்தில் இருக்கிறாள் என்ற உண்மையான பயத்தைத் தொட்டுவிட்டு, சட்டென்று நிழலுருவத்துக்குத் தாவிவிட்டது. ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். எலும்பு முறியும் சத்தத்துக்குக் கரட்டையும் லீக்ஸையும் முறுக்கி உடைத்துப் பதிந்தார்கள், கேட்கக் கூசும்.

மண்டபத்தில்

திரையிடலுக்கு முன் பெற்றோருக்கு மட்டும் போட்டுக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கினோம். பயந்த பிள்ளைகளை வலுக்கட்டாயமாக உட்கார வைப்பதில்லை என்பது தொடக்கத்திலேயே போட்ட விதி. வெளியே போக விரும்புகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. வெடிப்புப் படத்தின்போது இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதைப் பிள்ளைகளின் நல்ல பழக்கமாக எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் லயத்துக்காரர் சிலர் தங்கள் வீட்டுச் சுவர் வெடிப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு அந்தப் பையனைத் தேடி வந்தார்கள். "நான் படம்தான் எடுத்தேன், எனக்கு என்ன தெரியும்?" என்று பதறிவிட்டான். கிராம உத்தியோகத்தரிடம் காட்டச் சொல்லி அனுப்பினோம். அப்படி ஆட்கள் தேடி வரக்கூடும் என்றால், பயிற்சித் திட்டத்திலேயே அதற்கும் ஒரு பெரிய ஆளை ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையன் தலையில் அந்தப் பொறுப்பு விழக்கூடாது.

படங்களை யூடியூப்பில் போடுவதா என்று வாக்கெடுத்தார்கள். தப்புப் படமும் வீடியோ அழைப்புப் படமும் போடலாம் என்று முடிவானது, நடித்தவர்களின் பெயர் இல்லாமல். வெடிப்புப் படத்தைப் போடவில்லை. எழுந்து போன இரண்டு பெண்களிடமும் முதலில் பேச வேண்டும், அவர்கள் சரி என்றால்தான் என்று அந்தப் பையன் சொன்னான். ஒருவரிடம் பேசிவிட்டான். மற்றவர் இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறார், அடுத்த விடுமுறையில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.